கியர் கம்பியைப் பார்க்காமலே போனீர்கள்

அண்ணா,

முதலில் பிள்ளைகள் விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தவரை, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைத்தான் கேட்பீர்கள். கேட்டுவிட்டு, நான் ஒன்று சொல்வதற்குள் உங்கள் பிள்ளைகளின் விசேஷத்தை ஆரம்பித்துவிடுவீர்கள். இப்போது உங்களால் குறுக்கே பேச முடியாது. முழுதாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

மூத்த பேரன் பிரின்ஸ் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஒரு வீடு அளவு இருக்கும் இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, கீழே வரைந்த கோட்டின்மேல் விலகாமல் இறக்கி வைக்கிறான். ஷைனி நர்ஸ் படிப்பை முடித்து, ஜெர்மன் பாஷைப் பரீட்சையிலும் முதல் தடவையே பாஸாகிவிட்டாள். அடுத்த மாதம் விமானம் ஏறுகிறாள். மூத்தவளின் மகள் ஜெபா டிப்ளமோவில் ஆண்பிள்ளைகளையெல்லாம் தாண்டி முதலாவதாக வந்தவள். இன்றைக்குப் பைபாஸ் ஓரத்தில், பழைய காலத்து வண்டிகளைச் சரிசெய்யும் பட்டறையில் தலைமை மெக்கானிக். அவளுக்குக் கீழே ஆறு பேர். இந்த மூன்று பேரும், தம்பானூர் லாட்ஜில் முப்பது வருடம் அறைச் சாவி எடுத்துக் கொடுத்த என் வீட்டுக்காரர் தாசையனின் பேரப்பிள்ளைகள். இதை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதியாயிற்று.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஜெபா வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் நடையில் கால் வைக்கும்போதே ஒரு வாடை முன்னால் வந்தது. கருகிய எண்ணெய் வாடை. அடுப்பில் எண்ணெய் கருகினால் வருவது வேறு. இது தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெல்லப்பாகும் ரப்பரும் சேர்ந்து அடிப்பிடித்த மாதிரி. பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதை மடக்கி வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். எனக்கும் தெரிந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன், போனக்காட்டு மலையிலிருந்து நடந்தும் பஸ் ஏறியும் வந்து வாசலில் நின்றாரே, அன்றைக்கு அவர் சட்டையில் இருந்தது இதே வாடைதான். மூன்று தடவை துவைத்தும் அது போகவில்லை.

"பெரிய தாத்தாக்க வண்டியத்தான் இன்னைக்கு அவுத்தோம் அம்மாச்சி," என்றாள் ஜெபா. "கியர்பாக்ஸ் எண்ணெய் கடுங்காப்பி மாதிரி கெடக்கு. பிளேட்டு எல்லாம் கரி."

உங்கள் மகன் சாம்தான் வண்டியை அவளிடம் அனுப்பியிருக்கிறான். உங்கள் ஆண்டு நினைவு நாளில் அதை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. கூடவே ஒரு நினைவுப் புத்தகமும் போடுகிறான். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு மடல் எழுத வேண்டுமாம். அச்சுக்குப் போகும் முன் எல்லாப் பக்கங்களையும் என் போனுக்கு அனுப்பினான். நான் ஐந்தாம் கிளாஸ்தான். ஆனாலும் வேதபுத்தகம் முழுவதையும் நான்கு தடவை வாசித்தவள். ஒரு எழுத்தையும் விடாமல் வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், 'மாப்ள தின்ன கியர்' என்று தலைப்புப் போட்டு, என் வீட்டுக்காரர் உங்கள் வண்டியின் கியர்பாக்ஸைக் கெடுத்த கதையை ஒரு வேடிக்கைக் கதையாக எழுதியிருந்தான். அப்பா வாய்க்கு வாய் சொல்லிச் சிரித்த கதை என்று கீழே ஒரு வரி வேறு.

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று இத்தனை காலம் பொறுத்தேன் அண்ணா. புத்தகத்தில் போட்டால் போகாது. பிரின்ஸின் பிள்ளைகள் அதை வாசிக்கும். அவர்களுக்குக் கொள்ளுத்தாத்தா என்றால் கியரைத் தின்றவர் என்றே இருக்கும். அந்தப் பக்கத்தை எடுக்க வைக்கத்தான் இதை எழுதுகிறேன். உங்களை நினைத்து அழுவதற்கு இல்லை. அழுகை வேறொரு நாளைக்கு வரட்டும்.

உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாசிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமே. அது அமெரிக்க வண்டி. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி, ஸ்டியரிங் இடது பக்கம். மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த வெள்ளைக்கார டாக்டர் சாயிப்பு கப்பலில் கொண்டுவந்தது. நீங்கள் பதினோரு வருடம் அவருக்கு டிரைவர். ஊருக்குத் திரும்பிப் போகும்போது அவர் வண்டியை உங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். கிளட்ச் மிதி கிடையாது, கையால் கியர் போடவும் வேண்டாம், தானே மாற்றிக்கொள்ளும். "ஒரு காலு போதும் பிள்ளே, மத்த கால வீட்டுல வச்சிட்டு வரலாம்," என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை என்று உங்களுக்கு அத்தனை பெருமை. எனக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வண்டியில் உங்களுக்கு ஒரு குறை இருந்தது. அதற்கு முன் நீங்கள் லாரி ஓட்டியவர். லாரி டிரைவர்களின் பழக்கம் உங்கள் காலில் ஊறியிருந்தது. வண்டி கொஞ்சம் உருண்டதும் அடுத்த கியர், இன்னும் கொஞ்சம் உருண்டதும் அதற்கடுத்த கியர், சீக்கிரமே கடைசிக் கியருக்குப் போய்விட வேண்டும். அப்படிப் போனால்தான் பெட்ரோல் மிச்சம். இறக்கத்தில் எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர் நீங்கள். "எஞ்சின் கத்துனா பெட்ரோல் கத்துதுன்னு அர்த்தம்" என்று சொல்வீர்கள். இந்த வண்டியோ மிதித்தால் முதல் கியரிலேயே கொஞ்ச தூரம் உறுமிவிட்டுத்தான் மாறும். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "சாயிப்புமாருக்கு பெட்ரோல் கெணத்துல கெடைக்கும், நமக்குக் கெடைக்குமா?" என்று கேட்டீர்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில், கை முழுக்கக் கிரீஸோடு என் அடுக்களை வாசலில் வந்து நின்றீர்கள்.

"பிள்ளே, அந்தச் செவப்பு இருக்கா?"

"என்ன செவப்பு?"

"நகத்துல தேய்க்கது. உனக்க மாப்ள சாலைக் கடையில வாங்கித் தந்தானே, அது."

"அத என்னத்துக்கு?"

"ஒரு அடையாளம் வைக்கணும். இங்க தா, கொஞ்சம் போதும்."

குப்பியையே கொண்டுபோனீர்கள். அது திரும்பி வரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டாம் வருடம் அவர் ஆசையாக வாங்கித் தந்தது. கோயிலுக்கு வரும் மற்ற பெண்கள் என்ன சொல்வார்களோ என்று நான் ஒரே ஒரு தடவைதான் போட்டிருந்தேன். ரத்தச் சிவப்பும் இல்லை, ரோஜாச் சிவப்பும் இல்லை; பழுத்த மிளகாய்ச் சிவப்பு.

மறுநாள் ஆராதனை முடிந்து என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சங்குமுகம் கடற்கரை வரை போனீர்கள். வண்டி எப்போது கியர் மாறியது என்றே தெரியவில்லை. உறுமல் இல்லை, குலுங்கல் இல்லை. "பாத்தியா? சாயிப்புக்கே தெரியாத வித்த இது," என்றீர்கள். "தொட்டில் மாதிரி இருக்கு அண்ணா," என்று சொல்லி நான் கை தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் இந்தக் கைகளைப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் உங்களுக்கு அம்மை போட்டது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தீர்கள். போனக்காட்டு எஸ்டேட்டில் தொழிலாளர் லயங்களுக்குக் கூரைத் தகரம் ஏற்றித் தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். என் வீட்டுக்காரரும் டிரைவர்தான், லைசென்ஸ் வைத்திருந்தவர், பிறருடைய வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். "மாப்ள, நீ கொண்டுபோ" என்று நீங்கள்தான் படுக்கையில் இருந்தபடி சாவியைக் கொடுத்தீர்கள். மூன்று நாள் சமதரையில் ஓட்டினார், ஒரு குறையும் இல்லை. நான்காம் நாள் தகரத்தோடு மலை ஏறினார். விதுரை தாண்டி, வளைவுகளில் வண்டி இழுக்காமல் திணறி, அடியில் புகைந்து, பாதி மலையில் நின்றுபோனது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் நகரவில்லை. அவர் கல்லை அடைகொடுத்து நிறுத்திவிட்டு, விதுரை வரை நடந்து பஸ் பிடித்து வந்தார்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மை இறங்கித் தலைக்கு ஊற்றி, நீங்கள் வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் சொந்தக்காரர் இருபது பேர் நிற்கும்போது சொன்னீர்கள்: "தானா மாறுற கியர, மிதிச்சே கொன்னுட்டான். இவனுக்கெல்லாம் உழவு மாடுதான் லாயக்கு."

"மச்சான், வளைவுல அது முன்னாடியே…" என்று அவர் ஆரம்பித்தார்.

"நீ எனக்குப் படிப்பிக்கயா? பதினோரு வருசம் நான் ஓட்டுன வண்டி! உனக்க கையில நாலு நாளு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் பேச்சை நிறுத்தினார். அந்த வாரமே வேன் வேலையையும் விட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. லாட்ஜில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். ரயிலில் வருகிறவர்களுக்குச் சாவி, போகிறவர்களிடமிருந்து சாவி. முப்பது வருடமும் அவர் கையில் சாவிகள் இருந்தன, ஒன்றுகூட வண்டிச் சாவி இல்லை.

நீங்களோ விடவில்லை. கல்யாண வீடுகளில் பந்தியில் அவர் உட்கார்ந்தால் போதும், "மாப்ளைக்கு ரெண்டு பிளேட்டு வையுங்க, கிளட்ச் பிளேட்டே தின்னவரு!" என்பீர்கள். என் மகள் கல்யாணத்திலும் சொன்னீர்கள். சம்பந்தி வீட்டார் முன்னால். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஆளைக் கூட்டிவந்து கியர்பாக்ஸைப் புதுப்பித்தீர்கள். ஒன்றரை வருடத்தில் உங்கள் கையிலேயே அது மறுபடியும் எரிந்தது. அப்போதாவது யோசித்தீர்களா? "மாப்ள அன்னைக்குப் பண்ணுன பழுது, உள்ள ஆறவே இல்ல" என்று சொல்லி வண்டியைக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினீர்கள். நீங்கள் போகும்வரை அது அங்கேயே கிடந்தது.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

ஜெபா புதுப் பிளேட்டுகளை வரவழைத்து, கியர்பாக்ஸை ஒவ்வொரு உறுப்பாகக் கழுவிப் பூட்டினாள். எஞ்சினையும் ஓட வைத்தாள். பட்டறைக்கு வெளியே ஒரு சுற்றுப் போய்விட்டு உடனே திருப்பிக்கொண்டு வந்துவிட்டாளாம். வண்டி சும்மா உருளத் தொடங்கியதுமே கடைசிக் கியருக்குப் போய்விடுகிறது. மிதித்தாலும் இறங்கவில்லை. புதிய பிளேட்டு, புதிய எண்ணெய், அதே பழைய நோய். இப்படியே ஓட்டினால் மூன்றாம் தடவையும் எரியும் என்று நிறுத்திவைத்தாள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, பின்பக்கம் உட்கார்ந்திருந்த அவரிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, அன்னைக்கு மலையில என்ன நடந்துதுன்னு சொல்லணும்."

"அதான் ஊருக்கே தெரியுமே மோளே."

"ஊரு சொல்லது வேண்டாம். வண்டி என்ன செஞ்சுது, அதச் சொல்லுங்க."

நாற்பது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை அண்ணா. நீங்கள் கேட்கவில்லை. அவரோடு ஒரே பாயில் படுக்கிற நானும் கேட்கவில்லை. கேட்டதும் அவர் சொல்லத் தொடங்கினார்.

"சமதரையில பட்டு மாதிரி. கியரு மாறுறதே தெரியாது. மலையில, ஒரு வளைவு திரும்பி மிதிப்பேன். ரெண்டு வண்டி நீளம் போயிருக்காது, அடுத்த கியருக்குத் தாவிரும். உடனே அதுக்கடுத்தது. வண்டிக்கு மூச்சு முட்டும். எவ்வளவு மிதிச்சாலும் கீழ எறங்காது. எனக்க காலுதான் சரியில்லன்னு நெனச்சேன்."

"இப்பமும் அப்பிடித்தான் நெனைக்கீங்களா?"

"பின்ன வேற யாருக்க காலு?"

ஜெபா அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். "சமதரையில பட்டு மாதிரி" என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். உங்கள் வண்டி முன்பக்க மூடி திறந்து நின்றது. ஜெபா அடியில் படுத்திருந்தாள். வேலை செய்கிற ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்திருந்தார்.

"முழுசா மிதிச்சிருக்கீங்களா சேட்டா?"

"தரை தொட்டுட்டு, இனி போகாது."

"இங்க பாதிதான் அசையுது."

வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாள். கியர்பாக்ஸுக்கு இரண்டு பேர் சேதி சொல்வார்களாம். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று ஒருவர். டிரைவரின் கால் எவ்வளவு மிதிக்கிறது என்று இன்னொருவர். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுத்தான் எப்போது கியர் மாற்றுவது என்று அது முடிவு செய்யும். கால் சொல்வதைக் கொண்டுபோவது, எஞ்சின் பக்கத்திலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியின் அளவு தப்பினால், டிரைவர் மிதி மிதி என்று மிதித்தாலும் கியர்பாக்ஸுக்குக் கால் சும்மா இருப்பதாகவே சேதி போகும். சுமை இல்லை என்று நினைத்துச் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும். அதோடு உள்ளே பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிற எண்ணெயின் அழுத்தத்தையும் குறைத்துவிடும். சமதரையில் பட்டு மாதிரி இருக்கும். மலையில் பிளேட்டு பிடி கிடைக்காமல் வழுக்கி வழுக்கி எரியும்.

"வேகம் சொல்லுற ஆளும் பொய் சொல்லலாம் அம்மாச்சி. அதனால பாத்துட்டுத்தான் சொல்லணும்," என்று, கியர்பாக்ஸில் அழுத்தம் காட்டுகிற ஒரு மானியை மாட்டினாள். கம்பியைக் கழற்றி, கீழே இருக்கிற நெம்புகோலைக் கையாலேயே தள்ளினாள். முள் சடசடவென்று ஏறியது. விட்டாள், இறங்கியது. "உள்ள ஒரு கொழப்பமும் இல்ல. கம்பிதான்."

பிறகு அந்தக் கம்பியைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்தாள். அளவு மாற்றுகிற திருகு மரைமேல், கிரீஸுக்கு அடியில், ஒரு சொட்டு நிறம் இருந்தது.

"இங்க யாரோ பெயிண்டு வச்சு அடையாளம் போட்டிருக்காங்க. பழைய அளவு இங்க, கம்பியில வெட்டி வச்சிருக்கு பாருங்க, அது சாயிப்பு காலத்துது. இவங்க அங்கேருந்து ரெண்டு விரல் தள்ளி வச்சு, மறக்காம இருக்கச் செவப்பு போட்டிருக்காங்க. அடுத்து வந்த ஆளும் அந்தச் செவப்ப நம்பித்தான் மாட்டியிருக்கான். நாகர்கோவில்காரனுக்கு என்ன தெரியும், முன்னாடியே அடையாளம் வச்ச எடம்லா?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பழுத்த மிளகாய்ச் சிவப்பு.

"பெயிண்டு இல்ல மக்களே," என்றேன். "அது எனக்குள்ளது."

அங்கே ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். கொண்டுபோன சோற்றை யாருக்கும் எடுத்து வைக்கவில்லை. ஜெபாவுக்கு முழுதும் சொல்லி முடித்தபோது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அதனாலதான் எரிஞ்சுதுன்னு பெரிய தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்காது அம்மாச்சி. தெரிஞ்சிருந்தா சரியாக்கியிருப்பாரு, ரெண்டாவது மட்டம் எரிய விட்டிருக்க மாட்டாரு," என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னாள், பாவம்.

எனக்கு அதில்தான் கோபம் முழுதாக ஏறியது. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால்கூட, பயந்துபோய்ச் சொன்னார் என்று நினைத்துக்கொள்வேன். உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் நீங்கள் பார்க்கவே இல்லை. வண்டி முழுவதையும் அவிழ்த்துப் பார்த்தீர்கள். என் வீட்டுக்காரர் காலைப் பார்த்தீர்கள், அவர் குலத்தைப் பார்த்தீர்கள், அவர் அப்பா உழவுக்குப் போனதைப் பார்த்தீர்கள். உங்கள் கை வைத்த ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்கவில்லை. அங்கே தப்பு இருக்க முடியும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனிதர் நாற்பது வருடம் தன் வலது காலை நம்பாமல் நடந்தார் அண்ணா. நீங்கள் இரண்டு விரல் அளவு பெட்ரோலை மிச்சம் பிடித்தீர்கள்.

இந்தக் கோபத்தில் கொஞ்சம் எனக்கும் வரவேண்டியது. குப்பியைத் தந்தவள் நான். கை தட்டியவள் நான். கோயில் வாசலில் தலை குனிந்தவளும் நான். அதை நான் இன்னொருவர் தலையில் போடப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "எவ்வளவு தள்ளியிருந்துது?" என்றார்.

"ரெண்டு விரலு."

தன் விரல்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு மச்சானுக்கு அம்மை போடலேன்னா, அவருல்லா மலையில நின்னிருப்பாரு," என்றார். அவ்வளவுதான். உங்கள் மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரிடமே சத்தம் போட்டேன். "ஒரு தடவையாவது திட்டுங்களேன்! செத்தவரு எழும்பி வந்து கேக்கவா போறாரு?" அவர் காப்பி வேண்டும் என்றார்.

போன வியாழக்கிழமை ஜெபா வந்து அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனாள். கம்பியைப் பழைய வெட்டுக்கோட்டுக்கே கொண்டுவந்து பூட்டியிருந்தாள். பட்டறைக்குப் பின்னால் பெரிய காலி இடம், முடிவில் ஒரு மேடு. "லைசென்ஸ் இல்ல மோளே," என்றார். "ரோட்டுக்கா போறோம்? சுவத்துக்குள்ளதானே," என்று ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் நடுவில் நெருங்கி உட்கார்ந்தேன்.

மிதித்தார். வண்டி உறுமியது. அவர் உடனே காலை எடுத்துவிட்டார்.

"மாறலியே! கத்துதே!"

"கத்தட்டும் தாத்தா. இப்பம்தான் உங்க காலு சொல்லது அதுக்குக் கேக்குது. விடாம மிதியுங்க."

மறுபடி மிதித்தார். முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனது. தப்பாக ஓட்டுகிறோம் என்றே அவர் காதுக்குப் பட்டது. அந்த வண்டி சரியாக ஓடும் சத்தத்தையே அவர் அதுவரை கேட்டதில்லையே. பிறகு ஒரு சின்ன உந்தலோடு கியர் மாறியது. மேட்டில் ஏறும்போது பாதிக்கு மேல் அழுத்தினார். வண்டி தானாக ஒரு கியர் கீழே இறங்கி, பிடித்து, ஏறியது. மேட்டின்மேல் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே இருந்தார்.

"எறங்குது," என்றார். "மிதிச்சா எறங்குது."

இன்னும் ஒன்பது தடவை அந்த மேட்டில் ஏறி இறங்கினார். ஜெபாவின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே சாமைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் உங்கள் பிள்ளை.

"அது ஒரு தமாசு அல்லே மாமி? எல்லாரும் ரசிச்ச கதை. அப்பா இல்லாத நேரத்துல அப்பாக்க தப்புன்னு போட்டா நல்லாவா இருக்கும்? செத்த மனுசருக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

"வேணும். உயிரோட இருக்க மனுசருக்கு வேண்டாமாடே?"

பிறகு, "மாமா என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

"உனக்க மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொல்ல விட்டாத்தானே சொல்லுவாரு. அதனால நான் சொல்லுதேன். அந்தப் பக்கத்த எடு. அந்த எடத்துல நான் எழுதுறதப் போடு. ஒரு எழுத்து கொறையப்படாது."

"நீளமா இருக்குமா மாமி?"

"நாப்பது வருசம் நீளம்."

போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டான். அதனால் இதை நீங்கள் வாசிக்காவிட்டாலும், அன்றைக்குக் கோயில் வாசலில் சிரித்தவர்களில் மிச்சமிருப்பவர்களும், அவர்கள் பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

அண்ணா, எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தந்தது நீங்கள். ஐந்தாம் கிளாஸோடு என்னை நிறுத்தியபோது அப்பாவிடம் சண்டை போட்டவரும் நீங்கள் ஒருவர்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கோபம் இவ்வளவு சுடாது. உங்களை வெறுக்க எனக்கு வரவில்லை. மன்னிக்கவும் இன்னும் வரவில்லை. இரண்டும் இல்லாமல் இந்தக் கோபத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜெபத்தில் கேட்டாலும் அது போக மாட்டேன் என்கிறது. போகிற வரை இருக்கட்டும். இத்தனை வருடம் அவர் தனியாகச் சுமந்ததை இனி நான் சுமக்கிறேன்.

சாம், கடைசியாக உனக்கு ஒன்று. புத்தகத்தின் முன்பக்கத்தில் உன் அப்பா வண்டியோடு நிற்கும் படம் அப்படியே இருக்கட்டும், அதில் நான் கைவைக்கவில்லை. ஆனால் இந்த மடலோடு ஒரு புதுப் படம் போட வேண்டும். வியாழக்கிழமை ஜெபா எடுத்தது. உன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மேட்டின்மேல் வண்டி நிற்கிறது, உன் மாமா ஜன்னல் வழியாக முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு நேரே பார்க்கிறார். அதைச் சின்னதாக்கி ஓரத்தில் ஒதுக்காதே, உன் அப்பா படத்தின் அளவுக்கே போடு. குடும்பக் குரூப்பிலும் போடு, ஷைனி விமானம் ஏறுவதற்கு முன் பார்க்கட்டும். கீழே வேறு எதுவும் எழுத வேண்டாம். 'தாசையன், டிரைவர்' என்று மட்டும் எழுது.